முதலில் மராமத்து, பிறகு வேகம்

போன வாரம் பிரான்சிலிருந்து என் தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, காருக்கு ஆயில் மாத்திட்டேன். நோட்டுல தேதி, கிலோமீட்டர் ரெண்டும் எழுதிட்டேன்" என்றான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான். போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த ஆயில் கதையை எழுதிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

சொந்தமாக ஒரு சைக்கிளும், பிறகு ஒரு மொபெட்டும் தவிர வேறு வாகனம் வைத்திராத ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா, டர்போ காரைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அரசு அலுவலகத்தில் என் சர்வீஸில் பதினோரு வருடம் வாகனப் பிரிவில்தான் கழிந்தது. ஜீப்புகளின் லாக் புக், பெட்ரோல் கணக்கு, ரிப்பேர் பில் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு வண்டி ஏன் கெடுகிறது என்பது அதன் காகிதங்களைப் பார்த்தாலே தெரியும்.

தம்பி எனக்கு மூன்று வயது இளையவன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து 1981இல் பாரீஸ் பக்கம் போனான். எங்கள் பாண்டியில் அப்படிப் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. பத்து வருடம் உழைத்து 1991இல் ஒரு பழைய காரை வாங்கினான். ரெனோ 5 ஜி.டி. டர்போ, 1988ஆம் வருட வண்டி, சிவப்பு நிறம். அதன் போட்டோவை அம்மாவுக்கு அனுப்பி, பின்னால் "இதுதான் என் குதிரை" என்று எழுதியிருந்தான். 2019இல் அவன் போய்விட்டான். கார் அவன் வீட்டுக் கொட்டகையில் தார்பாய்க்குள் நின்றுவிட்டது.

2023 மே மாதம் தம்பி மனைவி வற்புறுத்தி அழைத்ததால் இரண்டு மாதம் போய் இருந்தேன். அங்கே தம்பி மகன் தார்பாயை எடுத்துவிட்டு, "அப்பா காரை ஓட வைக்கப் போறேன் பெரியப்பா" என்றான். சேமிப்பில் 5,000 யூரோ ஒதுக்கியிருந்தான். என்னென்ன வாங்குவது என்று ஒரு பட்டியலும் கையில் இருந்தது. பெரிய டர்போ, காற்றழுத்தத்தைக் கூட்டும் வால்வு, அகலமான சைலன்சர் குழாய், ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'ப்ஷ்ஷ்' என்று சத்தம் போடும் ஒரு சாமான். அந்த 'ப்ஷ்ஷ்'தான் அவனுக்கு மிகவும் பிடித்தது. வாயாலேயே செய்து காட்டினான். அவனுடைய நாலு வயது மகளும் கூடவே 'ப்ஷ்ஷ்' என்றாள்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் எஞ்சின் 1397 சி.சி.தான். நம் பழைய அம்பாசடரில் 1489 சி.சி. அம்பாசடரை விடச் சிறிய எஞ்சின், ஆனால் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி: 120 குதிரை. காரின் எடையோ சுமார் 850 கிலோ. எஞ்சினின் பெயர் க்ளெயோன்-ஃபோந்த். நார்மண்டியில் க்ளெயோன் என்ற ஊரின் தொழிற்சாலையில் செய்தது. ஃபோந்த் என்றால் வார்ப்பிரும்பு. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், அந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. 1962இல் சாதாரணக் குடும்பக் கார்களுக்காக வந்த எஞ்சின் அது. அதன் மேல் டர்போவை ஏற்றி, வேகக் காராக்கி, 1985இல் விட்டார்கள்.

டர்போ என்றால் என்ன என்பதை அந்த ஊர்ப் பட்டறைக்காரர் எனக்கு விளக்கினார். ரிட்டயர் ஆகும் வயதில் இருந்த மனிதர். என் பழைய பள்ளிக்கூடப் பிரெஞ்சு அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், சக்தி கூடும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் அழுக்கானாலும் ஒரு நிமிடம் வராமல் போனாலும் டர்போ முடிந்தது.

அந்தக் காரில் காற்றழுத்தம் சுமார் 0.7 பார் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டப் பெரிய செலவு கிடையாது. டர்போவின் பக்கத்தில் உள்ள ஒரு கம்பியின் திருகைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், கார் பாயும். ஆனால் இது கார்புரேட்டர் வைத்த வண்டி. காற்றைக் கூட்டினால் தானாகவே அதற்கேற்ற பெட்ரோலைக் கணக்குப் போட்டு ஊற்றும் கம்ப்யூட்டர் கிடையாது. காற்று கூடிப் பெட்ரோல் போதாமல் போனால் உள்ளே சூடு ஏறும். எரிய வேண்டிய கலவை வெடிக்கத் தொடங்கும். நம் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்களே, அதுதான். அந்தத் தட்டல் தொடர்ந்தால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும், இல்லையென்றால் பிஸ்டன் உருகும். பட்டறைக்காரர் தம்பி மகனின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது எல்லாம் மேல்மாடி. அஸ்திவாரம் எங்கே?" என்றார். பையனுக்கு முகம் வாடிவிட்டது. பழைய காலத்து ஆள், பயப்படுகிறார் என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.

எனக்கோ எங்கள் அலுவலக ஜீப் ஞாபகம் வந்தது. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று அந்த ஜீப்புக்குப் புது சீட் கவர், புது ஹாரன், முன்பக்கம் கூடுதல் விளக்கு எல்லாம் சாங்ஷன் ஆகின. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது என்று டிரைவர் எழுதிக் கொடுத்த சீட்டு அதே ஃபைலில் அடியில் கிடந்தது. நான்தான் அந்த ஃபைலை அடுக்கியவன், நானும் மேலே எடுத்து வைக்கவில்லை. திண்டிவனம் தாண்டி ஹோஸ் கிழிந்தது. தண்ணீர் வெளியேறி, எஞ்சின் சூடேறி சீஸ் ஆகிவிட்டது. நாற்பது ரூபாய் ஹோஸுக்குப் பதிலாக எஞ்சினையே பிரித்துப் போட்டார்கள். புது ஹாரன் மட்டும் நன்றாக அடித்தது. அதிலிருந்து வாகன ஃபைல் எது வந்தாலும், 'மராமத்துப் பாக்கி ஏதாவது உண்டா?' என்று முதல் வரியில் எழுதிக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இதைச் சொன்னால் பையன் கேட்பானா? பெரியப்பா ஜீப்புக் கதை சொல்கிறார் என்று சிரித்துவிட்டுப் போவான். சொல்லவில்லை.

ஒரு நாள் அவன் காரின் கையேட்டைத் தேடி டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு நீல அட்டை நோட்டு. "இது அப்பா எழுத்து. எனக்குப் படிக்க வராது. நீங்க பாருங்க" என்று என்னிடம் கொடுத்தான். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்து தெரியாது. பிரெஞ்சில் அவன் எனக்குத் துணை, தமிழில் நான் அவனுக்குத் துணை.

நோட்டு முழுவதும் தமிழில் இருந்தது. வாங்கிய நாள் தொடங்கி ஒவ்வொரு ஆயில் மாற்றமும், தேதியோடும் கிலோமீட்டரோடும். ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் ஒரு வரி. இடையிடையே பிளக், ஃபேன், பிரேக் என்று குறிப்பு. அண்ணன் குமாஸ்தா என்றால் தம்பியும் பாதி குமாஸ்தாதான். நான் படிக்கப் படிக்க அவன் கேட்டுக்கொண்டே வந்தான். 1994க்கு வந்தேன்.

'14-5-94. திருகு இரண்டு சுற்று. நன்றாக இழுக்கிறது.'

"என்ன திருகு?" என்றான் பையன். அவனுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டான். அடுத்த வரி:

'6-8-94. லியோன் ரோடு. வண்டியில் நாலு பேர், சாமான். வெயில். ஹெட் கேஸ்கட் போயிற்று. பிள்ளை அழுதான்.'

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை என்றால் பிரான்சில் பாதி ஜனம் விடுமுறைக்குத் தெற்கே போகும், பாரீஸிலிருந்து லியோன் போகும் ஏ6 சாலை நிரம்பி வழியும். அந்தப் பிள்ளை இவன்தான், அப்போது நாலு வயது. சாலையோரம் வெள்ளைப் புகையும், அம்மா தன்னைத் தூக்கிக்கொண்டு புல்லில் நின்றதும் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது என்றான். காரணம் அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அதற்கடுத்த வரியை நான் உடனே வாய்விட்டுப் படிக்கவில்லை.

'23-8-94. பழுது 5,200 பிராங்க். அம்மா கண்ணுக்கு வைத்திருந்த பணம். திருகு பழைய இடத்துக்கு. இனித் தொடுவதில்லை.'

அந்த வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். செலவில் பாதியைத் தம்பி அனுப்புவதாகச் சொல்லியிருந்தான், அனுப்பவில்லை. நான் ஜி.பி.எஃப்.இல் அட்வான்ஸ் எடுத்து முடித்தேன். 'அங்கே போனதும் பெற்றவளை மறந்துவிட்டாயா?' என்று ஒரு கடிதம் எழுதினேன். அவன் பதில் எழுதவில்லை. டிசம்பரில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு பணம் வந்தது, கூட ஒரு வரிகூட இல்லை. பிறகு எத்தனையோ முறை ஊருக்கு வந்தான், ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருடம் கழித்து, அவன் இல்லாதபோது, அவன் காருக்குள் உட்கார்ந்து எனக்குப் பதில் கிடைத்தது.

பையனுக்குப் படித்துச் சொன்னேன். "பாட்டி ஆபரேஷன் காசை அப்பா காருக்குச் செலவு பண்ணிட்டாரா?" என்று கேட்டான். "அப்பா செலவு பண்ணலடா. அந்தத் திருகு செலவு பண்ணிச்சு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அன்று இரவு பட்டியலை என்னிடமே கொடுத்து, "உங்க ஆபீஸ் மாதிரி நீங்களே வரிசை போடுங்க" என்றான்.

பட்டறைக்காரரைக் கேட்டுக் கேட்டு வரிசை போட்டேன். இன்றும் அந்தத் தாள் நோட்டுக்குள்தான் இருக்கிறது.

முதல் தலைப்பு, இருப்பு நிலவரம். எதையும் வாங்குமுன் எஞ்சினின் நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பார்ப்பது. நாலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். நல்லவேளையாக நாலும் ஒத்துப்போயின. ஆயில் எங்கே கசிகிறது, தண்ணீர் எங்கே குறைகிறது என்று ஒரு வாரம் கீழே அட்டை விரித்துப் பார்த்தோம்.

இரண்டாவது, ரப்பர். முப்பத்தைந்து வயதுக் காரில் இரும்பு கெடுவதற்கு முன்னால் ரப்பர் கெட்டுவிடும். தண்ணீர் ஹோஸ், காற்று ஹோஸ், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் மாற்றினோம். இப்போது அங்கே விற்கும் ஒரு வகைப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது அரித்துவிடும். அதனால் இந்தக் காருக்கு எப்போதும் 98 ஆக்டேன் பெட்ரோல் மட்டும். அதில் எத்தனாலும் குறைவு, நாக்கிங்கும் எளிதில் வராது.

மூன்றாவது, சூடு. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே செக்கச்செவேல் என்று காயும் டர்போ. வெயிலில் ஓட்டி நிறுத்தினால் பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதித்து ஆவியாகும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆகவே நல்ல ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட், புது வாட்டர் பம்ப், ஒழுங்காக ஓடும் ஃபேன், டர்போவைச் சுற்றி வெப்பத் தடுப்பு. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரைக் கொஞ்சம் பெரியதாகப் போட்டோம். 'அப்கிரேட்' என்று சொல்லத்தக்க முதல் செலவு இதுதான்.

நான்காவது, கண்கள். ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, டர்போ காற்றழுத்தம், கலவையில் பெட்ரோல் போதுமா என்று காட்டும் மீட்டர்கள். ஒன்றும் சக்தியைக் கூட்டாது. ஆனால் 1994இல் தம்பியிடம் இந்தக் கடைசி மீட்டர் இருந்திருந்தால், அந்தச் சாலையில் கேஸ்கட் போவதற்கு முன்பே அது காட்டிக் கொடுத்திருக்கும்.

ஐந்தாவது, நிற்பது. ஏ.பி.எஸ். கிடையாது, ஏர் பேக் கிடையாது. புது டயர், புது பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடாமல் நின்ற வண்டிக்கும் இது பொருந்தும்.

இத்தனைக்கும் பிறகு மீதி இருந்தது 700 யூரோ. ஆறாவது தலைப்பாக 'வேகம்' என்று எழுதி, 'ஒரு வருடம் ஓடிய பின் பரிசீலிக்கலாம்' என்று குறித்தேன். கொஞ்சம் அழுத்தம் கூட்டுவதானாலும், முதலில் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி, கலவையை மீட்டரில் பார்த்து, ஆள் தெரிந்த பட்டறையில்தான் செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிரான்சில் காரைப் பெரிய அளவில் மாற்றினால் அரசிடம் மறுபடி அங்கீகாரம் வாங்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விபத்து நடந்தால் அவர்கள் கைவிரித்துவிடலாம். இந்தக் காகித விஷயம் எல்லோருக்கும் அலுப்புத் தட்டும். எனக்கு அலுப்பில்லை, நானே அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

பையன் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் இருந்தான். அப்போது பட்டறைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். 1989இல் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் ராலி, உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு போட்டி. வெயில், புழுதி, மண் சாலை. அதில் அலேன் ஒரேய் என்ற பிரெஞ்சுக்காரர் இதே ரெனோ 5 ஜி.டி. டர்போவில் முதலாவதாக வந்தார். அது 'குரூப் என்' வகை, அதாவது கடையில் விற்கும் வண்டியில் சில்லறை மாற்றங்களுக்கு மட்டுமே அனுமதி உள்ள வகை. உலக ராலியில் அந்த வகைக் கார் ஜெயித்தது அதுவே முதல் தடவை. இதே ரெனோ 1977இல் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு முதன்முதலாக டர்போ காரைக் கொண்டுவந்தபோது, அது அடிக்கடி புகைவிட்டு நின்றதால் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். நின்று நின்று, ஒவ்வொரு கோளாறாகச் சரி செய்து, 1979இல் தீஜோன் நகரில் ஜான்-பியேர் ஜபூய் அவர்களுக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்தார். "வேகமாகப் போவது எல்லோருக்கும் தெரியும். முடிவு வரை போவதுதான் வேலை" என்றார் பட்டறைக்காரர்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கார் தயாரானது. என்னை முன்சீட்டில் உட்கார வைத்துச் சுற்றி வந்தான். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே ஓட்டினான், ஆயில் சூடேறட்டும் என்று. பிறகு ஒரு நேர்ச்சாலையில் மிதித்தான். ஒரு கணம் ஒன்றுமில்லை, அடுத்த கணம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. எழுபத்து மூன்று வயதில் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இதற்கு மேலும் சக்தி எதற்கு என்று கேட்டேன். அவனும் சிரித்தான்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பப் போனான். பிறகு கையை எடுத்துக்கொண்டு, எஞ்சினை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டான். டர்போ ஆற வேண்டும் அல்லவா? நோட்டில் தம்பி அதையும் எழுதியிருந்தான், 'நிறுத்துமுன் இரண்டு நிமிடம்' என்று. அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நோட்டில் அடுத்த வரியை அவனே எழுதினான், பிரெஞ்சில். அதற்கு மேல் தேதியை மட்டும் தமிழில் எழுதிப் பழக்கிவிட்டு வந்தேன். இரண்டு வருடமாகிறது. வேகத் தலைப்பு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. 'ப்ஷ்ஷ்' சாமானை மட்டும் மகளுக்காக வாங்கிப் போட்டுவிட்டான். அதற்கு நான் ஆட்சேபணை எழுதவில்லை.